பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது

வேலூரில் ஒரு கல்லூரியின் ஹெர்பேரியத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி, பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும். அலமாரியில் பெரும்பாலும் ஜவ்வாது மலை, ஏலகிரிச் செடிகள்தான். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்த ஒரு குட்டிப் பெரணி: கிரெபிடோமேனஸ் மினூட்டம். ஃபில்மி ஃபெர்ன் என்ற, சவ்வு போன்ற மெல்லிய இலைப் பெரணிகளின் குடும்பம்.

விசிறி போல விரிந்த இலை, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். நரம்பை விட்டால் இலையின் தடிமன் ஒரே ஒரு செல். இலைத்துளையும் கிடையாது. தண்ணீரைப் பிடித்துவைக்க வழியில்லாததால் ஓடைப் பாறை, பாசி படர்ந்த மரப்பட்டை என்று எப்போதும் ஈரம் நிற்கும் இடங்களில்தான் வளரும். பறித்துக் காற்றில் வைத்தால் சீக்கிரமே சுருண்டுவிடும். நம் ஊர்க் கத்திரி வெயிலைக் கேட்கவே வேண்டாம். மாணவர்களுக்கு மட்டும் இது ஒரு வரம். பிளேடால் சீவ வேண்டியதில்லை. சொட்டுத் தண்ணீரில் இலையை அப்படியே வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் வரிசையாகத் தெரியும்.

இதன் வகைப்பாடு பல கை மாறியது. 1828இல் தாவரவியலாளர் புளூம் ஜாவாச் செடிக்கு வைத்த பெயர் டிரைக்கோமேனஸ் மினூட்டம். பிறகு கோனோகார்மஸ் என்ற பேரினத்துக்குப் போனது. 1938இல் கோப்லாண்ட் என்ற தாவரவியலாளர் இந்தக் குடும்பத்தை முப்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார். 2006இல் எபிஹாராவும் சக ஆய்வாளர்களும் மரபணுச் சான்றையும் சேர்த்துப் பார்த்து ஒன்பதாகக் குறைத்தார்கள். கிரெபிடோமேனஸ் அந்த ஒன்பதில் ஒன்று. அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான ஹைமெனோஃபில்லத்தில் ஸ்போர் பைகளை மூடும் உறை இரண்டு உதடாகப் பிளந்திருக்கும். கிரெபிடோமேனஸில் அது புனல் போல இருக்கும். அதை லென்ஸிலேயே பார்த்துவிடலாம்.

ஆப்பிரிக்கா, ஆசியா, ஜப்பான், பசிபிக் தீவுகள் என்று இதன் பரவல் மிகப் பெரியது. அத்தனையும் ஒரே இனம்தானா என்பதுதான் கேள்வி. கலப்பினமாதல் நடந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நாளைக்கே இதைப் பல இனங்களாகப் பிரிக்கலாம்.

அதனால்தான் பெயர் மாறினாலும் பழைய லேபிளை நான் எடுக்க விடுவதில்லை. புதுச் சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவோம். அட்டை அசிங்கமாக இருக்கிறது, ஒன்றை மட்டும் வைக்கலாமே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். சம்மதிக்க மாட்டேன். எந்த மலை, எவ்வளவு உயரம், பாறையா மரமா என்பதைச் சேகரித்தவர் அதில்தான் எழுதியிருக்கிறார். எந்தப் பெயர் நின்றாலும், இந்தச் செடி எங்கே வளர்ந்தது என்பதற்கு அந்தக் கையெழுத்தைவிட வேறு ஆதாரம் எங்களிடம் இல்லை.