காளி கண்டகிக் கரையோரமாக முக்திநாத்துக்கு

சாளக்கிராமம் என்றால் நம் ஊர் யாத்ரீகர்களுக்கு நேபாளத்து முக்திநாத் சந்நிதிதான் நினைவுக்கு வரும். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம். மூலவர் ஸ்ரீமூர்த்தி, தாயார் ஸ்ரீதேவி. ஆனால் அங்கே பெருமாள் கோயிலுக்குள் மட்டும் இல்லை. கீழே ஓடும் காளி கண்டகி ஆற்றின் படுகையெங்கும் சாளக்கிராமக் கல்லாகவே கிடக்கிறார். அதனால் பொக்காராவில் விமானம் ஏறி இருபது நிமிடத்தில் ஜோம்சோமில் இறங்குவதைவிட, உடம்பு இடம் கொடுத்தால் ஆற்றோரமாகச் சாலையில் ஏறிப் போவதே நல்லது. இந்த நதி அந்தச் சீமைக்கு என்ன செய்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

பொக்காரா சுமார் 820 மீட்டர் உயரம். பேனி, தாதோபானி, காசா, மார்ஃபா, ஜோம்சோம், காக்பேனி என்று போய்க் கடைசியில் முக்திநாத்தின் அடிவார ஊரான ராணிபவ்வா. ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேல், முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். தாதோபானியில் வெந்நீர் ஊற்று உண்டு. ஊரின் பெயரே 'சுடுநீர்' என்றுதான் பொருள்படும். மழைக்காலத்தில் பேனிக்கும் காசாவுக்கும் இடையில் மண்சரிவு அடிக்கடி பாதையை அடைக்கும். மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையிலும் போவது உத்தமம்.

காசாவைத் தாண்டும்போது ஒரு பக்கம் தவளகிரி (8,167 மீட்டர்), மறு பக்கம் அன்னபூர்ணா (8,091 மீட்டர்). நடுவே ஆறு. மலை எழும்புவதற்கு முன்பே இந்த ஆறு இங்கே ஓடிக்கொண்டிருந்தது, மலை உயர உயர அறுத்துக்கொண்டே வந்தது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். இமயத்தின் தலைமலையையே குறுக்கே வெட்டிய வழி இது. திபெத்திய உப்பு கீழே இறங்கியதும், தானியம் மேலே ஏறியதும் இந்த வழியில்தான். அந்த வணிகத்தால் இப்பள்ளத்தாக்கின் தக்காலி மக்கள் செழித்தார்கள். துக்குச்சே என்ற ஊரில் இன்றும் அவர்களுடைய பெரிய முற்றத்து வீடுகள் நிற்கின்றன. 1959க்குப் பிறகு உப்பு வழி அடைபட்டது. இப்போது மார்ஃபாவில் ஆப்பிள் சாகுபடி.

அதே வெட்டு வழியாகத்தான் காற்றும் வருகிறது. பகலில் வடக்கே பீடபூமி சூடேறியதும், தெற்கேயிருந்து காற்றை இந்தப் பள்ளத்தாக்கு வழியே உறிஞ்சி இழுக்கும். காலை பத்து, பதினோரு மணிக்குத் தொடங்கினால் மாலை வரை மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே பறந்து முடித்துவிடுவது இதனால்தான். ஒரு நாள் விமானம் ரத்தானால் மறுநாள் காலைதான். திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளாதவர்கள் காத்மாண்டு விமானத்தையும் தவறவிடுகிறார்கள்.

காக்பேனியில் சோங் ஆறு வந்து கண்டகியோடு சேர்கிறது. பித்ரு காரியத்துக்குப் பேர்போன சங்கமம். தர்ப்பை, கறுப்பு எள், பச்சரிசி மாவு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். காலை ஏழு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பிண்டம் வைத்த இலையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். காக்பேனியும் அதற்கு வடக்கே உள்ள மேல் முஸ்தாங்கும் மலைக்குப் பின்னால் மழை குறைந்த மழை மறைவுப் பகுதி. மண் கூரை வீடுகள் கட்டிய ஊர்கள். அப்படிப்பட்ட இடத்தில் 2023 ஆகஸ்ட் 13 அன்று காக்பேனிக்குள் வெள்ளம் சேறோடு புகுந்து வீடுகளைக் கொண்டுபோனது. மேலே மேகம் கருத்தால் ஆற்றங்கரையில் தங்க வேண்டாம்.

சாளக்கிராமம் தேடுவதும் காலையில்தான். இரவுக் குளிரில் பனி உருகுவது குறைவதால் காலையில் நீர் வடிந்து படுகை தெரியும். கையில் எடுத்துப் பார்த்தால் கரிய உருண்டை, வழவழப்பாக, அளவுக்கு மீறிய கனம். ஓரத்தில் ஒரு வாய் திறந்திருக்கும். உள்ளே விரலால் தடவினால் வரிவரியாகச் சுருண்ட சக்கரம் தட்டுப்படும். இமயம் எழும்புவதற்கு முன் அங்கே இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரியின் தடம் அது. நம் பெரியவர்கள் அதில் சுதர்சனத்தைக் கண்டார்கள். இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதில் பக்தி குறையாது என்பது எங்கள் எண்ணம். கடலே மலையாகி நிற்கும் இடத்தில் திருப்பாற்கடல்நாதனைச் சேவிக்கிறோம். கடையில் வாங்கினால், பிளந்த கல்லைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றி நகத்தால் கீறிப் பாருங்கள். வீட்டில் எழுந்தருளப் பண்ணினால் ஒன்று போதும். அதற்கு மேல் வைத்தால் இரட்டைப்படை எண்ணிக்கையில் வைக்க வேண்டும், ஆனால் இரண்டு மட்டும் கூடாது என்பது சம்பிரதாயம். பிரதிஷ்டை தேவையில்லை. நாள் தவறாத திருமஞ்சனமும் துளசியும் வேண்டும். அதற்கு வசதியில்லாவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடலாம்.

ராணிபவ்வாவிலிருந்து கோயில் வரை அரைமணி நேரப் படியேற்றம். முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. சந்நிதிக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 பசுமுகத் தாரைகள். ஒன்றிலிருந்து அடுத்தது ஒரு முழம்கூட இராது. தலையைக் குனிந்து ஓடிவிடுகிறவர்களுக்குப் பாதித் தாரையில் மூச்சு முட்டும். அந்தத் தண்ணீர் அவ்வளவு சில்லிப்பு. மெதுவாக, மூச்சு விட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பிறகு முன்னாலுள்ள இரண்டு குளங்களில் முழுக்கு, உடனே உடை மாற்றல், அப்புறம் சேவை. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒவ்வொரு தாரையிலும் கைநீட்டித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். சந்நிதியில் பௌத்த பிக்குணிகள் தீர்த்தம் தருவார்கள்; அவர்களுக்கும் இது புனிதத் தலம், சூமிக் கியாத்சா என்று பெயர். பக்கத்து ஜ்வாலா மாயி கோயிலில் பூமிக்குள்ளிருந்து வரும் வாயு நீலச் சுடராக எரிகிறது. குனிந்து பார்த்தால் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

பொக்காராவில் பறந்து அன்றைக்கே முக்திநாத் ஏறுகிறவர்கள்தான் பெரும்பாலும் உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி, வாந்தி என்று படுக்கிறார்கள். ஓர் இரவு ஜோம்சோமிலோ காக்பேனியிலோ தங்கி ஏறுங்கள். தலைவலியோடு நடை தள்ளாடினால் மாத்திரையை நம்பி உட்கார வேண்டாம், உடனே கீழே இறங்குங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டு அவசியம்; காக்பேனிக்கு வடக்கே, தாமோதர குண்டம் ஏரிப் பக்கம் போக வேறு தனி அனுமதி. இந்தியர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துப்போகட்டும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய்.

இறங்கி வரும் நதி தேவ்காட்டில் திரிசூலியைச் சேர்ந்து நாராயணி ஆகிறது. பீகார் எல்லையில் வால்மீகி நகர் அணைக்கட்டு; 1959 இந்திய–நேபாள ஒப்பந்தப்படி கட்டியது. சம்பாரண் வயல்களுக்கு அதன் கால்வாய்தான் பாசனம். பாட்னாவுக்கு எதிர்க்கரையில் ஹாஜிபூர் கோன்ஹாரா படித்துறையருகே கங்கையோடு கலக்கிறது. கஜேந்திரனுக்கு மோட்சம் கிடைத்த இடம் அதுவே என்கிறார்கள். காசி, கயை போகிறவர்கள் பாட்னாவில் அரைநாள் ஒதுக்கினால் அங்கேயும் கண்டகியில் தீர்த்தமாடலாம்.