நாலு டிபி டிஸ்க்கும் டிவிடி ரைட்டரின் வயரும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் 2012 முதல் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, எதை எடுத்தாலும் படங்களை அழிப்பதில்லை. இடம்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் இந்தப் பக்கம் எத்தனையோ. பத்து வருடத்துக்கு முந்தைய படத்துக்குக்கூட பிரதி கேட்டு ஆட்கள் வருவார்கள். அதனால் லினக்ஸ் மெஷினில் ஒரு டிபி டிஸ்க் இரண்டை ரெய்ட் 1 ஆகப் போட்டிருந்தேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். சிஸ்டம் தனியே சின்ன எஸ்எஸ்டியில். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வீடியோவை இறக்கியதும் 97 வீதம் நிரம்பிவிட்டது. 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினேன்.

முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்தேன். ரெய்ட் இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு டிஸ்க்கைக் கழற்றிய அந்த நிமிடம் கையில் இருப்பது ஒரே டிஸ்க், அவ்வளவுதான். அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் பார்த்தேன். பெண்டிங் செக்டர், அதாவது வாசிக்கச் சிரமப்படும் சந்தேகத்துக்குரிய துண்டுகள், பூச்சியம். சரி, ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் என்ற கட்டளையில் ஃபெயில், ரிமூவ் (பழுதென்று குறி, பிறகு விலக்கு) கொடுத்து, மெஷினை நிறுத்தி, பழையதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

புதிய டிஸ்க்கில் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் ஒதுக்கும் பகுதி) போட்டு, ரெய்டில் சேர்க்க ஆட் கொடுத்தேன். பிரதி ஓடத் தொடங்கியது. 41 வீதத்தில் கரண்ட் போனது. யூபிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரத்துக்குள் முறையாக நிறுத்திவிட்டேன். மறுபடி போட்டபோது முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. ரெய்டின் நிலவரம் காட்டும் எம்டிஸ்டாட்டில் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி குடித்தேன்.

முடிந்ததும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயைப் பார்த்தால் பார்ட்டிஷன் 2 டிபிதான்! பழக்கதோஷத்தில் பழைய டாஸ் வகை பார்ட்டிஷன் அட்டவணை எழுதியிருக்கிறேன். அதில் செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) எண்ணுக்கு 32 பிட்தான் இடம். செக்டருக்கு 512 பைட் என்றால் 2 டிபியோடு கணக்கு முடிந்துவிடும். பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க் இதைச் சொல்லித்தான் எச்சரித்தது, வாசிக்காமல் என்டரைத் தட்டியது நான். திரும்பவும் ஃபெயில், ரிமூவ், இந்த முறை பெரிய டிஸ்க்குக்கும் இடம் கொடுக்கும் ஜிபிடி அட்டவணை, மீண்டும் ஆட். இன்னொரு இரண்டரை மணி நேரம்.

இரண்டாவது டிஸ்க்குக்கு முன் அறிவியல் நகரில் படிக்கும் மருமகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஏன் கழட்டுறீங்கள்? போர்டில வேற சாட்டா ஓட்டை இல்லையோ?"

"எல்லாம் நிறைஞ்சு போச்சு."

"டிவிடி ரைட்டரைக் கடைசியா எப்ப பாவிச்சனீங்கள்?"

ரைட்டரைக் கழற்றி, அந்த வயரில் புதிய டிஸ்க்கை மாட்டி, ஜிபிடி எழுதி, ஸ்பேராக (உபரி டிஸ்க்காக) ரெய்டில் சேர்த்து, பழையதற்கு ரீப்ளேஸ், புதியதற்கு வித் என்று எம்டிஅட்முக்குச் சொன்னேன். பிரதி முடியும் வரை பழைய டிஸ்க்கும் வேலையில் இருக்கும், ஒரு நிமிடம்கூட ஒற்றை டிஸ்க்கில் தொங்கவேண்டியதில்லை. முதல் டிஸ்க்கையும் இப்படியே செய்திருக்கலாம்.

இரண்டும் 4 டிபி ஆகியும் இட அளவைக் காட்டும் டிஎஃப் பழைய 916 ஜிபியையே காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை. வயலைப் பெருப்பிக்க முதலில் வெளி வரம்பைத் தள்ளிப்போட வேண்டும், பிறகு நிலத்தைத் திருத்த வேண்டும், அதன் பிறகுதான் விதைப்பு. இங்கேயும் அப்படித்தான்: பார்ட்டிஷன், பிறகு ரெய்ட், கடைசியாக ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம். எம்டி0க்கு (அதுதான் என் ரெய்டின் பெயர்) குரோ, சைஸ் மேக்ஸ் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த 3 டிபியையும் ஒத்துப் பார்க்க இரவு முழுக்க ஓடியது, காலையில் ஃபைல் சிஸ்டத்தைப் பெருப்பிக்க ரீசைஸ்2எஃப்எஸ். அது ஈஎக்ஸ்டி4 வகை என்பதால் மவுண்ட் ஆகி (பாவனையில்) இருக்கும்போதே பெருத்தது, டிஎஃப்பில் 3.6 டிபி.

சுருக்குவதென்றால் இதே வரிசை தலைகீழ்: ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து முதலில் அதைக் குறைக்க வேண்டும். நெல் நிற்கும்போது வரம்பை உள்ளே தள்ளினால் என்ன ஆகும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபைல் சிஸ்டம் போட்டவர்கள் சுருக்கும் யோசனையையே விட்டுவிடலாம், நடைமுறையில் அதைப் பெருப்பிக்க மட்டும்தான் முடியும்.

ரீப்ளேஸில் கழன்ற ஒரு டிபி டிஸ்க் சனிக்கிழமை பஸ்ஸில் வவுனியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறது. பழைய ரெய்டின் அடையாளம் அதில் அப்படியே இருப்பதால், மெஷின் அதையும் தன் ரெய்டின் டிஸ்க் என்று குழம்பலாம் என்று, திகதிக்குக் கீழே மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "ஸ்டூடியோ மெஷினில் மாட்டக் கூடாது."