திரையில் ஈரம் தெரிவதில்லை: ஆறு வார நீர்வண்ண வகுப்பின் குறிப்புகள்

வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம், ஒன்பது பேர். நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சி வரைய இணையவழியில் சொல்லிக்கொடுத்து ஆறு வாரம் முடிந்திருக்கிறது. நேரில் சொல்லிக்கொடுத்துப் பழகியவள் நான். இந்த வழி எனக்குப் புதிது. அடுத்த குழு தொடங்குவதற்குள், நினைவு மங்கும் முன் எழுதிவைக்கிறேன்.

முதல் வகுப்பில் வானம். தாள் முழுவதும் தண்ணீர் பூசி, அந்த ஈரத்தின் மேலேயே நீலத்தை விட்டு, மேகம் வரவேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. என் தாளில் நன்றாகவே வந்தது. மற்றவர்கள் தங்கள் தாளைத் தூக்கிக் காட்டியபோது ஆறு பேரின் வானத்தில் காலிஃபிளவர் பூத்திருந்தது. பாதி காய்ந்த பூச்சுக்குள் அதைவிட நீர் அதிகமுள்ள தூரிகை பட்டால் அப்படித்தான் ஆகும்: புது நீர் உள்ளே பரவி, நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் ரம்பப் பல் போலச் சேர்த்துவிடும். இதை முன்பே சொல்லி எச்சரித்திருந்தேன். "ஈரமாக இருக்கும்போதே தொடுங்கள்" என்றும் சொன்னேன். எவ்வளவு ஈரம் என்பதுதான் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

நேர் வகுப்பில் இது ஒரு சிக்கலே இல்லை. பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தால் போதும். தாள் குளம் போல மின்னினால் பொறுக்க வேண்டும். அந்த மினுக்கம் அடங்கிப் பட்டுத்துணியின் பளபளப்புக்கு வந்தால், அதுதான் மேகத்தின் அடிநிழலை வைக்கும் நேரம். பளபளப்பும் போய், புறங்கையால் தொட்டால் சில்லென்று மட்டும் இருந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். நேர் மேலே மாட்டிய கேமராவுக்கு இந்த மூன்று நிலையும் ஒரே நீலம்தான்.

இரண்டாம் வாரம் பழைய செல்பேசி ஒன்றை மேசையின் இடப்பக்கம் தாழ்வாக நிறுத்தினேன். விளக்கை எதிர்ப்பக்கம், அதே தாழ்வில் வைத்தேன். தாளில் பட்டுத் தெறிக்கும் ஒளி நேராகக் கேமராவுக்கு வந்தது. மினுக்கம் அடங்குவது திரையில் அப்படியே தெரிந்தது! ஈரம் தாளின் ஓரத்திலிருந்து உள்வாங்கிப் போவதை எல்லோரும் பேச்சில்லாமல் பார்த்தார்கள். இந்த ஆறு வாரத்தில் நான் கண்டுபிடித்த மிக உருப்படியான விஷயம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். கூடவே கேமராவின் எக்ஸ்போஷரையும் (ஒளியின் அளவு) ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) தானாக மாறாமல் பூட்டிவைத்தேன். இல்லாவிட்டால் என் கை உள்ளே வரும்போதெல்லாம் தாளின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

நிமிடக் கணக்குச் சொல்வதையும் அன்றோடு நிறுத்தினேன். ஒருவரிடம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாள், இன்னொருவரிடம் மெல்லிய மரக்கூழ்த் தாள். ஒருவர் மூடிய அறையில், ஒருவர் மின்விசிறிக்கு நேர் கீழே. "டீச்சர், நீங்கள் இன்னும் வானத்திலேயே இருக்கிறீர்கள், என் தாள் காய்ந்தே போய்விட்டது" என்றார் குழுவில் மூத்தவர். அவர் சொன்னது முழுக்க நியாயம். ஒன்பது தாளுக்கு ஒன்பது கடிகாரம்.

மூன்றாம் வாரம் மலைகள். தொலைவில் இருப்பது வெளிறி, நீலம் ஏறி, ஓரம் மங்கித் தெரியும். அருகில் வர வர நிறம் அழுத்தமாகும், வெதுவெதுப்பாகும். இதற்கு அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்று இரண்டே வண்ணம் போதும். நீலம் மிஞ்சினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா மிஞ்சினால் மண்ணின் பழுப்பு. ஒவ்வொருவர் திரையிலும் ஒவ்வொரு விதமாகத் தெரியும் நிறத்தைக் காட்டி "இந்தப் பச்சை" என்று சொல்வதில் பொருளில்லை. எது மிஞ்ச வேண்டும் என்று சொன்னால் யாருக்கும் புரிகிறது. கலவையின் அடர்த்திக்கும் ஒரு சொல்வழி கிடைத்தது: வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டைச் சாய்த்தால் கலவை ஓடுகிறதா, ஊர்கிறதா, நிற்கிறதா? தூரத்து மலைக்கு ஓட வேண்டும், நடு மலைக்கு ஊர வேண்டும், முன்னால் உள்ள பாறைக்கு நிற்க வேண்டும். நீர்வண்ணம் காய்ந்தால் ஒரு படி வெளிறும் என்பதால், எல்லாவற்றையும் நினைப்பதைவிடச் சற்று அழுத்தமாகவே வைக்கச் சொன்னேன்.

நான்காம் வாரம் என் பேச்சைக் குறைத்தேன். ஆங்கில ஓவியர் டர்னர் 1807-இல் லண்டன் ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்தில் பெர்ஸ்பெக்டிவ் (தொலைவையும் ஆழத்தையும் தாளில் காட்டும் முறை) பேராசிரியர் ஆனவர். 1811-இல் தொடங்கிய அவருடைய உரைகள் தெளிவாக இல்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவர் கையால் வரைந்து கொண்டுவந்த பெரிய விளக்கப் படங்களை எல்லோரும் வியந்தார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். ஐந்து நிமிடம் பேசாமல் வரைந்து காட்டுகிறேன். பிறகு என் தூரிகையை வைத்துவிட்டு, அவர்கள் வரைவதை மட்டும் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தபோது அவர்கள் கண் திரைக்கும் தாளுக்கும் அலைந்துகொண்டே இருந்தது, அதற்குள் பூச்சு காய்ந்துவிட்டது.

ஐந்தாம் வாரம் மூடுபனிக்குள் மரங்கள். முதல் வாரத்திலிருந்தே அவசரப்பட்டுத் தூரிகை வைக்கும் ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய மரங்கள் எப்போதும் கரைந்து புகையாகிவிடும். அன்று அவர் தாளை விளக்குப் பக்கம் சாய்த்துக் கேமராவுக்குக் காட்டி, "இப்போதா?" என்று கேட்டார். தாள் இன்னும் குளமாகத்தான் மின்னியது. நான் வாய் திறக்கும் முன் நான்கைந்து பேர் "இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்றார்கள். அவர் காத்திருந்தார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி சாய்த்துப் பார்த்தார்; இந்த முறை யாரையும் கேட்கவில்லை. தூரிகை நுனி தாளில் இறங்கியது. அடிமரம் தெளிவாக நின்றது, கிளைகளின் ஓரம் மட்டும் பனிக்குள் மெல்லக் கரைந்தது.

ஆறாம் வாரம் ஆற்று நீர். கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையைச் சொரசொரப்பான தாளில் படுக்கவைத்து இழுத்து, தண்ணீரின் மினுக்கத்தை வெள்ளைப் புள்ளிகளாக விடும் வேலை. கை எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை எந்தக் கோணத்தில் வைத்தும் காட்ட முடியவில்லை. மூன்று பேருக்குத்தான் வந்தது. அடுத்த குழுவில் மணிக்கட்டுக்கு நேராக இன்னொரு கேமராவை வைத்து, தூரிகை தாளில் உரசும் சத்தத்தையும் மைக்கில் கேட்கவிட்டுப் பார்க்கப் போகிறேன்.