உயிர்த்த ஞாயிறும் ஏப்ரல் 20 உம் ஒரே நாளில்: கஞ்சாக் கடையைத் தயார் செய்த அனுபவம்

ஸ்காபரோவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒன்றுக்கு நான் முகாமையாளர். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் இது சட்டப்படியான வியாபாரம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் முதல் கடைகள் 2019 ஏப்ரல் 1 இல் திறந்தன. அம்மாவுக்கு இந்த வேலையை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது சித்திரை வருடப்பிறப்புக்குக் கும்பிட வந்தால், "இருபதாம் திகதிச் சாமான் எல்லாம் வந்திட்டுதோ?" என்று அவரே கேட்கிறார்.

துணிக்கடைக்குத் தீபாவளி எப்படியோ, எங்களுக்கு ஏப்ரல் 20 அப்படி. 1971 இல் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் சில பள்ளிக்கூடப் பெடியன்கள் பின்னேரம் 4.20 க்குக் கூடிப் புகைத்ததில் தொடங்கிய வழக்கம். மாதத்தை முன்னுக்கு எழுதினால் அந்த நேரமே 4/20 என்று திகதியும் ஆகிவிடுகிறது.

2024 இல் அது சனிக்கிழமை. நான் பொறுப்பெடுத்த பிறகு வந்த முதல் ஏப்ரல் 20. பெரிய நாள், ஆகவே சனம் பெரிய பக்கற்றாக வாங்கும் என்று கணக்குப் போட்டு, 28 கிராம் பூப் பக்கற்றுகளை (உலர்த்திய கஞ்சாப் பூ) அலுமாரி நிறைய இறக்கினேன். வந்தவர்கள் கேட்டதோ புகைக்கத் தயாராகச் சுருட்டி வந்த பிரீ-ரோலும், கம்மி என்கிற கஞ்சா கலந்த ஜெலி இனிப்பும். அவர்களில் பாதிப் பேர் நண்பர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் வந்தவர்கள். கையோடு கொண்டுபோய்ப் பகிரக்கூடியதுதான் அவர்களுக்கு வேண்டும். நாலு மணிக்கு நல்ல பிரீ-ரோல் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய பக்கற்றுகள் ஜூன் வரை நின்றன. தெரிந்த வாடிக்கையாளர் பக்கற்றைத் திருப்பி, அடைத்த திகதியைப் பார்த்துத்தான் எடுப்பார். நாட்பட்ட பூ காய்ந்து வாசம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் விலையைக் குறைத்துத்தான் தள்ளினேன். அந்த நட்டம் எனக்குக் கனநாள் உறுத்தியது.

அதனால் 2025 க்குப் பெப்ரவரியிலேயே உட்கார்ந்தேன். முந்தைய வருட விற்பனையை மணித்தியாலக் கணக்காகப் பிரித்துப் பார்த்தேன். என்ன விற்றது என்பதைவிட, எது எத்தனை மணிக்கு இல்லாமல் போனது என்பதுதான் எனக்கு அதிகம் சொன்னது. முடிந்துபோன சாமான் விற்பனைக் கணக்கில் குறைவாகத்தான் தெரியும். அதை மட்டும் நம்பி ஓடர் போட்டால் அதே பிழையைத் திரும்பவும் செய்வோம்.

ஒன்ராறியோவில் எங்களைப் போன்ற தனியார் கடைகளுக்கு மொத்த வியாபாரி ஒருவர்தான்: மாகாண அரசின் ஒன்ராறியோ கனாபிஸ் ஸ்டோர். வளர்ப்பவரிடம் நேரே போன் எடுத்து "இன்னும் பத்துப் பெட்டி அனுப்புங்கோ" என்று சொல்ல முடியாது. மாகாணத்துக் கடைகள் எல்லாம் அதே கிழமையில் அதே பொருட்களில்தான் கண் வைத்திருக்கும். சில பொருட்கள் கிடங்கில் இருக்கவே இருக்காது. ஓடர் போட்ட பிறகுதான் தயாரிப்பாளரிடமிருந்து வரும், அதற்கு நாள் கூடப் பிடிக்கும். ஆகவே எப்போதும் ஓடுகிற பிரீ-ரோல்களை மூன்று கிழமைக்கு முன்பே எடுத்துவிட்டேன். பூவை மட்டும் கடைசி ஓடருக்கு விட்டேன், அடைத்த திகதி புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக. சாமான் விற்க முதலே பெரிய தொகை கையை விட்டுப் போகும். முதலாளியிடம் கணக்கைக் காட்டி அதற்கும் நேரத்தோடு சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

நான் எதிர்பாராத சிக்கல் இடம். கம்மிப் பக்கற் ஒன்றில் போதை தருகிற பொருளான டிஎச்சி மொத்தமாக 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதையும் குழந்தைகள் திறக்க முடியாத உறையில்தான் அடைக்க வேண்டும். இரண்டு கம்மிக்கு அவ்வளவு பெரிய உறை! பூட்டி வைக்கிற களஞ்சிய அறையில் பாதியை அதுவே பிடித்தது. இரண்டு இரவு நின்று அலுமாரிகளை மாற்றி அடுக்கினோம்.

ஆட்கள் விடயம் இன்னும் கடினம். கூட்டமான நாளில் மச்சானைக் கூப்பிட்டு கவுண்டரில் நிறுத்துகிற வேலை இங்கே நடக்காது. கட்டாயப் பயிற்சி முடிக்காதவர் வேலை செய்ய முடியாது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு மார்ச்சிலேயே கான்செல் என்கிற அந்தப் பயிற்சியை முடிக்க வைத்தேன். வயது எல்லை 19. 25 க்குக் கீழே போலத் தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். அதற்கென்றே ஒருவரை வாசலில் நிறுத்தினேன். ஒருவருக்கு ஒரு தடவையில் 30 கிராம் பூ, அல்லது அதற்குச் சமமான அளவுதான் விற்கலாம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதற்கும் சட்டம் இடம் தராது. அவசரத்தில் யாரும் தடுமாறக்கூடாது என்று இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கவுண்டருக்குப் பின்னால் ஒட்டினேன்.

2025 இல் ஏப்ரல் 20 உயிர்த்த ஞாயிறோடு வந்தது. எங்களுக்கு வழமையாகச் சாமான் வருகிற வெள்ளி, பெரிய வெள்ளியாகிவிட்டது. எல்லாவற்றையும் புதனுக்கு முன்னரே இறக்கி எண்ணி முடித்தோம். எங்கள் கடையில் ஞாயிறைவிடச் சனிதான் கூட்டம். குடும்பத்தோடு சாப்பிடப் போகிறவர்கள் முதல் நாளே வாங்கிக்கொண்டு போனார்கள். நல்லகாலம், நாலு பேரைச் சனிக்கும் போட்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஐயா வந்து மெல்ல, "தம்பி, முழங்கால் வலிக்கு ஏதும் இருக்கோ?" என்று தமிழில் கேட்டார். மருத்துவ ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. "ஐயா, இதை உங்கட டொக்டரிட்டத்தான் கேக்க வேணும். நீங்கள் வேற மருந்து எடுக்கிறீங்கள் எண்டால் அதையும் அவரிட்டச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஆனாலும் அவரிடம் ஆறுதலாகக் கதைக்க முடிந்தது. கவுண்டரில் இன்னும் இரண்டு பேர் நின்றதால்தான் அது முடிந்தது.

திங்கட்கிழமை காலை இருப்பு எண்ணினோம். பிரீ-ரோலில் ஒரு வகைதான் முழுதாக முடிந்திருந்தது. 28 கிராம் பக்கற்றில் ஆறு மிச்சம். எண்ணி முடித்த கையோடு மே மாத விக்டோரியா தின விடுமுறைக்கான பட்டியலை எடுத்தேன். அதில் முதலாவதாகக் கஞ்சா கலந்த பானங்களை எழுதினேன். ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.