காய்ச்சல் தெர்மாமீட்டர் கேலிபரேஷன்: அட்ஜஸ்ட் செய்வது கடைசி வேலை

சரிபார்க்கிறோம் என்று பேனா வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் வைத்தால் 'லோ' என்று வரும், அவ்வளவுதான். பெரும்பாலானவை 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எண்ணே காட்டாது. கொதிநீரில் பாதரசக் குழாய் உடைந்தே போகும். ஐஸ் தேவைப்படுவது ரெஃபரன்ஸ் தெர்மாமீட்டருக்கு, அதாவது மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் துல்லியமான தெர்மாமீட்டருக்கு. காய்ச்சி வடித்த நீரில் உறைய வைத்த ஐஸை நொறுக்கி ஃபிளாஸ்கில் அடைத்து, இடுக்குகளை மட்டும் நீர் நிரப்பும்படி வைத்து, 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐஸ் மிதக்கும் அளவுக்கு நீர் சேர்ந்தால், அடர்த்தி கூடிய 4 டிகிரி நீர் அடியில் தங்கி அளவைக் கெடுத்துவிடும்.

அசல் சோதனைக்கு, நீரை ஒரே வெப்பத்தில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்கும் தொட்டி, அதாவது வாட்டர் பாத் வேண்டும். காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ரெஃபரன்ஸையும் அதில் சேர்த்து வைத்து ஒப்பிட வேண்டும். கலக்காத நீரில் மேலும் கீழும் வெப்பம் வேறுபடும். எலக்ட்ரானிக் கருவிகளுக்கான ஏஎஸ்டிஎம் இ1112 (ASTM E1112) என்ற தரநிலை 37 முதல் 39 டிகிரி வரை 0.1 டிகிரி பிழையைத்தான் அனுமதிக்கிறது. ரெஃபரன்ஸின் பிழை அதில் கால் பங்குக்குள் இருந்தால்தான் முடிவை நம்பலாம்.

முதலில் புது பேட்டரி போடுங்கள். பாத்தின் வெப்பத்தை 35, 37, 39, 41 டிகிரி என்று ஏறுவரிசையிலேயே கொண்டுபோக வேண்டும். பேனா கருவி உச்ச அளவைப் பிடித்துக்கொள்ளும். பாத் ஒரு நொடி எகிறினாலும் அந்த எண்தான் திரையில் நிற்கும். பாதரசம் என்றால் ஒவ்வொரு முறையும் உதறி இறக்க வேண்டும். உலோக முனையை மட்டும் நனைத்தால் தண்டு வழியே வெப்பம் கசிந்து அளவு குறைவாக வரும். திரைக்குள் நீர் புகாத அளவுக்குத் தண்டையும் சேர்த்து இறக்குங்கள். சில நொடிகளில் முடிவு சொல்லும் கருவிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவை உடலில் வெப்பம் ஏறும் வேகத்தை வைத்துக் கணிப்பவை. நீரில் அந்தக் கணக்கு பொய்க்கும். கணிக்காமல் நேரடி வெப்பத்தைக் காட்டும் மானிட்டர் மோடுக்கு மாற்றாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

பிழை வந்ததும் அட்ஜஸ்ட் செய்யக் கை பரபரக்கும். வெப்பத்தை உணரும் ப்ரோப் தனியாகக் கழலும் கருவி என்றால், அதற்கு முன் ப்ரோபையும் கருவியையும் பிரித்துப் பாருங்கள். 400 சீரிஸ் என்ற வகை ப்ரோப் (வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை குறையும்) என்றால், 37 டிகிரியில் அதன் மின்தடை 1355 ஓம். வேண்டிய மின்தடையைத் திருகி வைக்கும் டெகேட் பாக்ஸில் அதே மதிப்பை வைத்துக் கருவியில் செருகுங்கள். 37.0 காட்டினால் கருவி நலம். ப்ரோபையும் செருகும் இடத்தையும்தான் பார்க்க வேண்டும். அந்த வெப்பத்தில் 0.1 டிகிரிக்கு ஏறக்குறைய 5 ஓம்தான். ப்ரோபின் செருகு ஊசியில் ஏறிய களிம்பு அந்த 5 ஓமைக் கூட்டினாலே அளவு 0.1 இறங்கிவிடும். துடைத்தால் தீரும் பிழை இது. இதை அட்ஜஸ்ட் செய்து மறைத்தால், அடுத்த நல்ல ப்ரோப் மாட்டும்போது அதிகமாகக் காட்டும்.

கருவியிலேயே பிழை என்றால், தொடுவதற்கு முன் இருந்த அளவுகளை எழுதி வையுங்கள். எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு விலகினால் அது ஆஃப்செட் பிழை. வெப்பம் ஏற ஏற விலகல் கூடினால் ஸ்லோப் பிழை. பின்னதற்கு 35, 41 இரண்டிலும் திருத்தி, நான்கு புள்ளிகளையும் மறுபடி பார்க்க வேண்டும். 37இல் மட்டும் சரிசெய்தால் 41இல் பிழை மிஞ்சும்.

பேனா கருவிகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டவை, திருத்த வழியில்லை. பிழை வரம்பைத் தாண்டினால் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.