எதிர்ப்பண்பாட்டு வினாவுக்குச் சுவரொட்டியிலிருந்து விடை எழுதிய அனுபவம்

'அறுபதுகளின் எதிர்ப்பண்பாடு இசையையும் உடையையும் வடிவமைப்பையும் எவ்வாறு மாற்றியது?' என்ற 15 மதிப்பெண் வினா, வடிவமைப்பு வரலாற்றுத் தாளின் மாதிரித் தேர்வில் எனக்கு வந்தது. எதிர்ப்பண்பாடு என்பது, 1960களில் மேலைநாட்டு இளைஞர்கள் நிலவிய சமூக மரபுகளை மறுத்து உருவாக்கிய வாழ்க்கைமுறை. ஹிப்பிகள், அமைதிச் சின்னம், 1969இன் வுட்ஸ்டாக் இசை விழா என்று அடுக்கினேன். 6 மதிப்பெண் கிடைத்தது. ஒன்று மற்றொன்றை எப்படி மாற்றியது என்பதை நான் ஒரு வரியிலும் சொல்லியிருக்கவில்லை.

முதன்மைத் தேர்வுக்கு, சான் பிரான்சிஸ்கோவின் 1966, 1967ஆம் ஆண்டுகளின் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளை மட்டுமே ஆழமாகப் படித்தேன். அந்நகரின் ஃபில்மோர் இசை அரங்குக்காகச் சுவரொட்டி ஓவியர் வெஸ் வில்சன் வரைந்த எழுத்துகள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ஆல்ஃபிரட் ரோலர் வரைந்த எழுத்துகளின் வழிவந்தவை. அவற்றுள் ஒன்றையாவது டிரேசிங் தாளில் படியெடுத்துப் பாருங்கள்: எழுத்து தனக்குரிய இடம் முழுவதையும் நிரப்பும்படி உருகி வளைவதையும், இடையிலுள்ள வெற்றிடம் குறுகிக் கோடாகிவிடுவதையும் கையே கண்டுபிடித்துவிடும். அங்கே சுவரொட்டி வரைந்த இன்னொருவரான விக்டர் மொஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் வண்ணம் பயின்றவர். எழுத்து எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும், கண்ணை உறுத்தும் வண்ணச் சேர்க்கை கூடாது என்று கற்ற விதிகளை அவர் வேண்டுமென்றே தலைகீழாக்கினார்; ஏறத்தாழ ஒரே ஒளிர்வுள்ள சிவப்பும் பச்சையும் அருகருகே நின்றால் விளிம்புகள் அதிர்வதுபோல் தோன்றும் என்பதே அவருடைய கருவி.

நின்று நிதானமாகப் பார்ப்பவருக்கே பிடிபடும் இந்தச் சுவரொட்டியிலிருந்து இசைக்குப் போவது எளிது. வானொலியில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல்களே வழக்கமாக இருந்த காலத்தில், 1967இல் அந்நகரின் கேஎம்பிஎக்ஸ் என்ற எஃப்எம் நிலையத்தில் டாம் டோனஹியூ, அதேபோல் நிதானமாகக் கேட்க வேண்டிய நீண்ட ஆல்பம் பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கினார். இந்திய இசையின் செல்வாக்கை வுட்ஸ்டாக்கிலிருந்து தொடங்குவது பலரும் செய்யும் பிழை. பீட்டில்ஸ் பாடலொன்றில் 1965லேயே சித்தார் ஒலித்துவிட்டது. ரவிசங்கர் 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழாவில் சித்தார் வாசித்தார். போதையோடு தம் இசையை இணைத்துப் பார்த்ததை அவர் வெறுத்தார் என்பதையும் சேர்த்தால், விடை வெறும் புகழ்ச்சியாக நின்றுவிடாது.

உடைக்கு நான்கு வரி போதும். அமெரிக்கக் கடற்படை கழித்துவிட்ட பெல்பாட்டம் காற்சட்டைகளை இளைஞர்கள் மலிவாக வாங்கி அணிந்தார்கள். பின்னர் ஆடை நிறுவனங்கள் அதையே புதிதாகத் தைத்து விற்றன. எதிர்ப்பைச் சந்தை விழுங்கிய இந்தக் கட்டத்தைத்தான் நான் மாதிரித் தேர்வில் முற்றிலும் விட்டிருந்தேன்.

முதன்மைத் தேர்வில் விடைத்தாளின் ஓரத்தில் வில்சன் பாணியில் ஒரே ஒரு சொல்லைப் பென்சிலால் வரைந்தேன். அதற்கு நான்கு நிமிடம் ஆனது. அந்த நேரத்தை முன்னுரையைக் குறைத்து ஈடுகட்டினேன்.