எபேன் (மொரிஷியஸ்) அலுவலக அரட்டை இடமாற்றம்: நாட்குறிப்பு

27 ஜனவரி 2025, திங்கள்

ஸ்லாக் என்ற அரட்டைச் சேவையிலிருந்து, சொந்த சர்வரில் ஓடும் மேட்டர்மோஸ்ட் என்ற அரட்டை மென்பொருளுக்கு மாறும் வேலை தொடங்கியது. முதல் வேலை பழைய செய்திகளை வெளியே எடுப்பது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் 26 முதல் ஓராண்டைத் தாண்டியவை அழிக்கப்படுகின்றன. ஒரு மாதக் கட்டணம் கட்டினால் மறைந்திருக்கும் மீதி மாதங்கள் திரும்பத் தெரியும். ஏற்றுமதியை (செய்திகளின் நகல் கோப்பை) அப்போதே எடுத்துவிடலாம். இந்தச் செலவு தகும்.

சாதாரண ஏற்றுமதியில் பொதுச் சேனல்கள் மட்டுமே வரும். தனிச் சேனலும் நேரடிச் செய்தியும் வராது. இதை எல்லோருக்கும் இன்றே எழுதிச் சொல்லியாயிற்று. யாருடைய கணக்கு விவரமாவது நேரடிச் செய்திக்குள் மட்டும் கிடந்தால், இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

30 ஜனவரி, வியாழன்

ஏற்றுமதியாக வந்த ஜிப்பைப் பிரித்தால் சேனலுக்கு ஓர் அடைவு, அதற்குள் நாளுக்கு ஒரு ஜேசன் (தரவு வடிவ) கோப்பு. இணைப்புப் படங்களும் பிடிஎஃப்களும் உள்ளே இல்லை, அவற்றின் முகவரிகள்தான் இருக்கின்றன. ஸ்லாக் பணியிடத்தை மூடினால் அந்த முகவரிகள் செத்துப்போகும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் இணைப்புகளையும் உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் தனிக் கருவியால் இறக்கி ஜிப்புக்குள் சேர்க்க வேண்டும். பிறகு எம்எம்இடிஎல் என்ற மாற்றுக் கருவியால் மேட்டர்மோஸ்ட் வடிவுக்கு மாற்ற வேண்டும். மூடுவது கடைசியில்.

3 பிப்ரவரி, திங்கள்

சர்வர் நிமிர்ந்தது. மேட்டர்மோஸ்ட் 8065 போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) கேட்கிறது, முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் வலைச் சர்வர் என்ஜின்எக்ஸ். பக்கம் திறக்கிறது, ஆனால் புதிய செய்தி பக்கத்தைப் புதுப்பித்தால்தான் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வெப்சாக்கெட்டுக்கான (புதிய செய்தியை உடனே தள்ளும் திறந்த இணைப்புக்கான) 'அப்கிரேட்', 'கனெக்ஷன்' தலைப்புகளை என்ஜின்எக்ஸ் கடத்தவில்லை. கோப்பு ஏறாமல் 413 பிழை வந்தால் என்ஜின்எக்ஸின் உடல் அளவு வரம்பை (ஏற்றும் தரவின் உச்ச அளவை) பார்க்கவும். சொல்லாவிட்டால் அது 1 எம்பிதான்.

5 பிப்ரவரி, புதன்

தேடல். இந்த இடமாற்றத்தின் பயனே இதில்தான் இருக்கிறது. சென்னைக் குழுவோடு பேசுவது தமிழிலும் ஆங்கிலத்திலும், பாரிஸோடு பிரெஞ்சில், பக்கத்து மேசையோடு கிரெயோலில். எல்லாம் ஒரே சேனலில் கலந்து கிடக்கிறது.

மேட்டர்மோஸ்டின் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அதன் ஆங்கிலத் தேடல் அமைப்பு தமிழ்ச் சொல்லை அப்படியே விட்டுவிடும். 'ரசீது' என்று தேடினால் 'ரசீதுகள்' கிடைக்காது. போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழ்ச் சொல்லடி பிரிப்பான் (விகுதியை வெட்டி அடிச்சொல்லைத் தரும் நிரல்) உடன் வருகிறது. அதை மட்டும் வைத்தால் ஆங்கிலப் பன்மைகள் பிரிக்கப்படாமல் போகக்கூடும். அதனால் தமிழ் அமைப்பை நகலெடுத்துப் புதிதாக ஒன்று உருவாக்கி, ரோமன் எழுத்துச் சொற்களை மட்டும் ஆங்கிலப் பிரிப்பானிடம் ஒப்படைத்தோம். பின் தரவுத்தளத்தின் இயல்புத் தேடல் அமைப்பாக அதை வைத்து, மேட்டர்மோஸ்டை மறுபடி தொடங்க வேண்டும்.

இதோடு நின்றால் தேடல் சரியாகவே வரும், ஆனால் நத்தை வேகத்தில். பழைய இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் சொற்பட்டியல்) 'ஆங்கிலம்' என்று எழுதிக் கட்டப்பட்டது. புதிய கேள்வி வேறு பெயரில் வருவதால் போஸ்ட்கிரெஸ் அதைத் தொடாமல் அட்டவணை முழுவதையும் படிக்கும். பதிவு அட்டவணையில் செய்திக்கும் ஹேஷ்டேகுக்கும் உள்ள இரண்டு இண்டெக்ஸ்களையும் நீக்கிப் புதிய பெயரில் கட்ட வேண்டும்.

பிரிப்பான் எல்லா வேற்றுமை உருபையும் ஒழுங்காக வெட்டாது. அலுவலகத்தில் புழங்கும் இருபது சொற்களையாவது ஓட்டிப் பார்க்கவும். பிடிபடாதவற்றுக்கு 'கூட்ட*' என்று நட்சத்திரம் போட்டுத் தேடச் சொல்லிக் கொடுத்தால் போதும். இன்னொரு கண்ணி: 'கோ' என்பதில் உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், இரட்டைச் சுழியும் காலுமாக இரண்டு குறியாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. மேட்டர்மோஸ்டுக்குள் இறக்கும் முன்பே கோப்பை என்எஃப்சி வடிவுக்கு (எல்லாவற்றையும் ஒரே குறியாக்கும் யூனிகோட் வடிவுக்கு) மாற்றிவிடுவது நல்லது.

8 பிப்ரவரி, சனி

மாற்றும் நாள். முதலில் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் முறை) சோதனை, ஏனென்றால் இறக்கப்பட்ட பயனர்கள் கடவுச்சொல்லை மின்னஞ்சல் வழியாகத்தான் புதிதாக வைப்பார்கள். அஞ்சல் போகாவிட்டால் திங்கள் காலை யாரும் உள்ளே வர முடியாது. இறக்கும் முன் தரவுத்தளம், கோப்பு அடைவு, அமைப்புக் கோப்பு மூன்றும் காப்பு எடுக்க வேண்டும். தரவுத்தளம் மட்டும் இருந்தால் மீட்டெடுத்த செய்திகளில் படங்கள் இருக்காது.

காப்பு நகலுக்குள் இருப்பதும் தனிநபர் தரவே. மொரிஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கசிவு தெரிந்தால் கூடுமானவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். வட்டை மறையாக்கம் செய்தாயிற்று.

10 பிப்ரவரி, திங்கள்

நேரம் பற்றிக் கேள்விகள். செய்தி நேரத்தை மென்பொருள் அவரவர் மண்டலத்தில் காட்டும். செய்திக்குள் கையால் தட்டிய 'மூன்று மணி' மாறாது. சென்னை நமக்கு ஒன்றரை மணி முன்னே. பாரிஸ் குளிர்காலத்தில் மூன்று மணி பின்னே, கோடையில் இரண்டு. இங்கே கடிகாரம் மாறுவதில்லை என்பதால் மார்ச் இறுதியில் பாரிஸ் கூட்டங்கள் நமக்கு ஒரு மணி முன்னதாக வரும். சேனல் தலைப்பில் மூன்று ஊர் நேரமும் எழுதியிருக்கிறது.

புயல் எச்சரிக்கைக்கென்று தனிச் சேனல், நிர்வாகிகள் மட்டும் எழுதலாம், அறிவிப்பை அடக்கி வைக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டிருக்கிறோம். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கையில் எல்லோரும் வீட்டில். கைபேசி அறிவிப்பு அப்போது போய்ச் சேர்கிறதா என்பதை வைஃபை அணைத்துச் சோதிக்க வேண்டும்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசக் காவடி, பொது விடுமுறை. பாரிஸ் வேலையில் இருப்பதால் எல்லோர் நிலைக்குறிப்பிலும் 'காவடி, நாளை வருவேன்' என்று நள்ளிரவில் தானே நீங்கும்படி வைத்திருக்கிறது. இரவுக் காப்பு 2 மணிக்கு ஓடி முடிந்தது.